நின்றால் நடுங்கும் வண்டி

டென்வர், கொலராடோ

கொல்லிமலைச் செம்மேட்டில் சகல சௌபாக்கியங்களுடன் விளங்கும் மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தையும், மிளகு விலையையும், அத்தையின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் விவரமாக எழுதவும்.

நான் வாங்கிய பிக்கப் வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1972-ஆம் வருஷத்து வாகனம். வரிசையாக ஆறு சிலிண்டர், ஒற்றை வாய்க் கார்பரேட்டர். ஓடும்போது அதைவிடச் சாதுவான ஜீவன் இல்லை. ஆனால் சிக்னலில் நிறுத்தி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில், சர்வாங்கமும் நடுநடுங்கி, இருமி, பெருமூச்சு விட்டு ஆஃப் ஆகிவிடும். நாமக்கல்லில் இப்படி நடுச்சாலையில் வண்டி நின்றால், பின்னால் வரும் லாரிக்காரர் ஏர் ஹாரனை அழுத்தி நம் மூதாதையர் வரையில் விசாரித்துவிடுவார். மனத்துக்கும் ஓர் ஆறுதலாக இருக்கும். இவ்வூரிலோ பச்சை விளக்கு எரிந்து, மஞ்சளாகி, மறுபடியும் சிவப்பாகும் வரையில் ஒருவரும் வாய் திறவாமல் பரம சாந்தத்துடன் காத்திருக்கிறார்கள். அந்த மரியாதையைத் தாங்கிக்கொள்ளத் தனியான மனோதிடம் வேண்டும்.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வாலிபர் கையில் ஒரு பரிசோதனைக் கருவியுடன் டாஷ்போர்டின் கீழே குனிந்து, அதைச் சொருகும் துவாரத்தை வெகுநேரம் தேடினார். 1996-ஆம் வருஷத்திலிருந்து இத்தேசத்தில் விற்கும் கார்களுக்கெல்லாம் அந்தத் துவாரம் சட்டப்படி இருந்தே தீரவேண்டும். அதன் வழியாக இன்ஜின் தன் வியாதியைத் தானே வாக்குமூலமாகக் கொடுத்துவிடும். வாக்குமூலம் கொடுக்கத் தெரியாத வாகனத்தை அவர் அதுவரை கண்டதில்லை போலும். மிகுந்த அனுதாபத்துடன் என்னை வாசல் வரை வழியனுப்பினார்.

பக்கத்து வீட்டுக்காரருடைய வைத்தியமுறை வேறு. கார்பரேட்டரை மாற்று, பிளக்கை மாற்று, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்று, பெட்ரோல் பம்பை மாற்று, அதற்கும் அடங்காவிட்டால் வண்டியையே மாற்று என்பது அவர் சித்தாந்தம். நம் கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு கூறும்; இவரோ ஓர் உடும்புக்கு ஐந்து அம்பு எய்யச் சொல்லுகிறார்.

நானே ஒரு வேக்குவம் மீட்டர் வாங்கி மேனிபோல்டில் இணைத்தேன். ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும் என்கிறது புத்தகம்; என் வண்டியின் ஊசி பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அது கடல்மட்டத்துக்கு எழுதிய கணக்கு. ஆயிரம் அடி ஏற ஏற ஏறத்தாழ ஓர் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். டென்வரோ 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரம். ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரமுள்ள கொல்லிமலைக்கே காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறோமே, இவ்வூர்க்காரர்கள் 1,609 மீட்டரில் ஒரு வளைவும் இல்லாத நேர்வீதிகளில், மலைமேல் இருக்கிறோம் என்ற பிரக்ஞையே இன்றி உலாவுகிறார்கள். சட்டசபைக் கட்டிடத்தில் 'ஒரு மைல் உயரம்' என்று முதலில் பதினைந்தாம் படியில் பொறித்தார்கள். 1969-இல் மாணவர்கள் அளந்து பதினெட்டாம் படிக்கு ஏற்றினார்கள். 2003-இல் மறுபடியும் அளந்து பதின்மூன்றாம் படிக்கு இறக்கினார்கள். கல்படிக்கே செட்டிங் நிலைக்காத ஊரில், கார்பரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்த ஒரு ஸ்பிரிங்கை நம்பி நிற்கும் என் மிக்சர் ஸ்க்ரூவை எப்படி நோவது?

உயரத்தைக் கழித்தும் கணக்கு உதைத்தது. அப்பொழுதுதான், சோளக்காட்டுச் சந்தைக்கு ஜீப் ஓட்டிய காலத்தில், ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, ஓடும் இன்ஜினில் கார்பரேட்டரின் வாயைத் தாங்கள் உள்ளங்கையால் பாதி மறைப்பது நினைவுக்கு வந்தது. மறைத்ததும் திணறினால் பெட்ரோல் மிகுதி; நிதானப்பட்டால் எங்கேயோ ஏர் இழுக்கிறது என்பது தங்கள் தீர்ப்பு. அவ்வாறே மறைத்தேன். இன்ஜின் நடுக்கம் தீர்ந்து நிதானமாக ஓடிற்று. அதுவரை ஸ்க்ரூவை எப்படித் திருகியும் பயனில்லாமற் போனதன் ரகசியமும் விளங்கிற்று: கார்பரேட்டரைத் தாண்டிக் கள்ளவழியில் புகும் காற்றுக்கு ஸ்க்ரூவின் ஆணை செல்லாதல்லவா? வேகமாகப் போகும்போது திராட்டில் திறந்து காற்று ஏராளமாகப் புகுவதால், இந்தச் சொற்பக் களவு கணக்கில் வருவதில்லை. திராட்டில் மூடியிருக்கையில்தான் அது இன்ஜினைக் கொன்றுவிடுகிறது.

பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிபோல்டைச் சுற்றி நகர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் இது ஏதோ வழிபாடு என்று எண்ணித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கிராங்க்கேஸின் ஆவியை மேனிபோல்டுக்குக் கொண்டுவரும் குழாயின் வளைவில், கண்ணுக்குப் படாத அடிப்புறத்தில், 'உஸ்' என்று கேட்டது. விரலால் பொத்தினேன்; ஊசி பதினைந்துக்கு ஏறி ஆடாமல் நின்றது. வெப்பத்தில் காய்ந்து வெடித்த ஒரு துண்டு ரப்பர்தான் சகல உபத்திரவத்துக்கும் காரணம்! அதை மாற்றி, மிக்சர் ஸ்க்ரூவை மெள்ள அடிவரை இறக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து முன்னும் பின்னுமாகத் திருகி, ஊசி உச்சத்தைத் தொட்ட இடத்தில் விட்டேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அதற்கும் காது வைத்துப் பார்க்கும்படி பிரார்த்தித்துக்கொண்டார்.

இப்பொழுது தங்களிடம் ஒரு யோசனை வேண்டும். வரும் கோடையில் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு இந்த வண்டியிலேயே போக உத்தேசம். உச்சி 14,115 அடி. அங்கே வருஷந்தோறும் நடக்கும் பந்தயத்தின் பாதையில் மட்டும் 156 வளைவுகள். இறங்கும் வழியில் உத்தியோகஸ்தர் வண்டியை நிறுத்திப் பிரேக்கின் சூட்டைக் கருவியால் அளந்து, அதிகமானால் ஆறும் வரையில் உட்காரவைத்து விடுவாராம்; நாம் காரவள்ளி இறக்கத்தில் அதை மூக்கினாலேயே அளந்துவிடுகிறோம். அத்தனை உயரத்தில் காற்று மெலிந்து, பெட்ரோல் மிகுந்துபோகும் ஆகையால், ஸ்க்ரூவை இங்கேயே கால் சுற்று உள்ளே இறக்கிக்கொண்டு புறப்படுவதா, உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்வதா என்பதை ஆலோசித்துத் தாமதமின்றி எழுதவும். பக்கத்து வீட்டுக்காரர் இதற்கும் ஐந்து உபாயங்கள் சொல்லியிருக்கிறார். தங்கள் பதில் வந்தபின் அவற்றைப் பரிசீலிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்