அரைப் புள்ளியின் உழைப்பு

செஸ் வீரர் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதையொட்டிய வருடங்களில் சென்னையில் நான் பார்த்த ஒரு லீக் ஆட்டம், டிரா என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று போர்டுகள் முடிந்து, இரு அணிகளும் ஒன்றரைக்கு ஒன்றரை. முதல் போர்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிய இருவருமே பலசாலிகள். வெள்ளைக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய்; கறுப்புக்கு ராஜாவும் யானையும் மட்டுமே.

கறுப்பு ஆடியவர் ராஜாவைச் சிப்பாயின் வழியில் நிறுத்தினார். யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து, வெள்ளை ராஜா உள்ளே வராமல் அடைத்தார். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானை மறுகோடிக்குப் போய், பின்னாலிருந்து செக் மேல் செக் வைத்தது. வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. செஸ் மேதை பிலிடோர் 1777-இலேயே எழுதிவைத்த தற்காப்புதான். ஆனால் நேரம் தீர்ந்து கடிகாரத்தில் சிவப்புக் கொடி விழப்போகும் வேளையில் அதைப் பிசகாமல் ஆட நெஞ்சுரம் வேண்டும். வெள்ளை ஆடியவர் காயை நகர்த்தி, “டிரா?” என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார். கைகுலுக்கினார்கள். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து, வெற்றி எங்கே நழுவியது என்று காய்களைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். சுற்றி நின்ற எங்களுக்கு அதுதான் வகுப்பு.

இன்று பல போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுகிறது. கொடி விழுந்து நல்ல ஆட்டம் பாழாவது குறைந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். இன்னொன்றும் மாறியிருக்கிறது: பலகையில் 7 காய்கள் வரை இருந்தால், முடிவு என்ன என்பதைக் கணினி ஏற்கெனவே முழுமையாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. நேரலையில் ஆட்டத்தை மதிப்பிடும் கணினி நிரலான இன்ஜின் 0.00 காட்டியதும், இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அங்கேதான் எனக்கு வருத்தம். இருவரும் தவறில்லாமல் ஆடினால் ஆட்டம் சமன் என்பதுதான் அந்தப் பூஜ்யத்தின் பொருள். அப்படி ஆடிக் காட்ட வேண்டியவர்கள் மனிதர்கள். பதினைந்து நகர்த்தலில் பேசி முடித்துக்கொள்ளும் டிராவுக்கு நான் வாதாடவில்லை. போராடிப் பெற்ற அரைப் புள்ளி வேறு. பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருபவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, அப்படியொரு ஆட்டத்தைப் பலகையில் வைக்க வேண்டும். தோற்க இருந்தவர் எந்த நகர்த்தலால் தப்பினார் என்று பிள்ளைகளையே தேடவிட வேண்டும்.