ஆச்சா? ஆச்சு!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் எங்கள் வீட்டு மோடம் ராத்திரி பத்தரைக்கு மேல்தான் வாயைத் திறக்கும். அதுவரை போன் அம்மாவுடையது. நண்பன் வீட்டுக் கணினிக்கு டயல் செய்தால், கறுப்புத் திரையில், கோப்பு அனுப்பும் நெறிமுறையான எக்ஸ்மோடம் துண்டுகளை எண்ணத் தொடங்கும். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... பிறகு ‘ரீட்ரை’. ஹாலில் சித்தப்பா பாரலல் போனை எடுத்து “அலோ, யாரு?” என்றிருப்பார். வேகமோ நொடிக்கு 2400 பிட், அதாவது சுமார் 240 எழுத்து. அதற்கே அலட்டல் தாங்காது.

எக்ஸ்மோடம் 1977-ல் அமெரிக்கர் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. கோப்பை 128 பைட் துண்டுகளாக நறுக்கும். துண்டுக்கு வரிசை எண் உண்டு. அதையும் நம்பாமல், 255-லிருந்து அதைக் கழித்துப் பக்கத்திலேயே எழுதும். கடைசியில் அத்தனை பைட்டையும் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதி. மறுமுனையும் கூட்டிப் பார்க்கும். ஒத்துப்போனால் ‘ஆக்’, இல்லாவிட்டால் ‘நாக்’, அதே துண்டு மறுபடி கிளம்பும். பதில் வரும்வரை அனுப்பிய பக்கம் கைகட்டி நிற்கும். பத்துத் தடவை தோற்றால் கையை விரித்துவிடும். இப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணிக்கும் ஒரு ஓட்டை இருந்தது: இரண்டு எழுத்து இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே! பின்னால் வந்த சிஆர்சி என்ற சோதனைக் கணக்கு அதை அடைத்தது.

இப்போது என் மகள், “நம்ம வைஃபை சூப்பர்ப்பா, தப்பே பண்ணாது” என்கிறாள். நாள் முழுக்கத் தப்புதான் பண்ணுகிறது. போனுக்கென்று வரும் துண்டுகளை, அதாவது பிரேம்களை, போன் வாங்கி ‘ஆக்’ அனுப்ப வேண்டும். வராவிட்டால் ரௌட்டர் திரும்ப அனுப்பும். சித்தப்பா காலத்து வேலையேதான், திரையில் சொல்வதில்லை, அவ்வளவுதான். அன்று ஒவ்வொரு சறுக்கலையும் ஒப்புக்கொண்ட மோடம் எங்களிடம் திட்டு வாங்கியது. இது மூச்சு விடாமல் பாராட்டு வாங்குகிறது.

ஈதர்நெட் வயர் இன்னும் அழுத்தம். 32 பிட் சிஆர்சி ஒத்துவராத பிரேமைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். அனுப்பிய பக்கத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. காணாமல் போனதைக் கவனித்து மறுபடி அனுப்ப வைப்பது மேலே உட்கார்ந்திருக்கும் டிசிபி என்ற நெறிமுறையின் தலைவலி.

ஆகவே ஒரு வேண்டுகோள். வைஃபையில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் ரௌட்டரைத் தட்டாதீர்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடுகிறதா என்று எட்டிப் பாருங்கள். அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இரைகிறது. போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, சாம்பார் சூடாகும்வரை பொறுங்கள்.