கறள் கண்ட தாங்கி

கேள்வி: சில மாதங்களாக ஓடாமற் கிடந்த என் மோட்டார் சைக்கிளின் தாங்கிக்குள் கறள் ஏறிவிட்டதே! பெற்றோலுக்குள் இருக்கும் இரும்புமா கறள் பிடிக்கும்?
— ஓர் ஆசிரியர், வாகரை

பதில்: பெற்றோல்மீது அபாண்டம் சுமத்த வேண்டாம், ஐயா, இவ்வழக்கில் அது சாட்சியேயன்றிக் குற்றவாளியன்று. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த உங்களூரில், பகல் வெயிலில் சூடேறித் தன்னுள்ளிருக்கும் ஆவியை மூடியின் சிறு துவாரத்தால் வெளிவிடும் தாங்கி, இரவில் குளிரும்போது உப்பும் ஈரமும் கலந்த காற்றை அதே துவாரத்தால் உள்ளிழுத்துக்கொள்ள, அந்த ஈரம் தகட்டின் உட்புறத்தில் வியர்த்து, வழிந்து, பெற்றோலைவிடப் பாரமானதாகையால் அதன் அடியிற் போய் அமர்ந்துவிடுகிறது. அடித்தகட்டை அந்நீர் அரிக்க, மேலே வெறுமையாக நிற்கும் சுவரை ஈரக்காற்று அரிக்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், கியூஆர் குறியீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் பெற்றோமல்லவா? 10 லீற்றர் கொள்ளும் தாங்கியில் எஞ்சிய 6 லீற்றர் இடத்தில், குறியீடுமின்றி வரிசையுமின்றிக் காற்று வந்து குடியேறிற்று.

கேள்வி: நாள் முழுதும் உப்புத்தண்ணீரில் நனையும் என் தோணி எஞ்சினின் கான் மட்டும் கறள் பிடிப்பதில்லையே?
— ஒரு மீனவர், பால்சேனை

பதில்: அது பிளாஸ்டிக். ஆயினும் அதன் அடியிலும் தண்ணீர் சேரும். கறளுக்குப் பதிலாக, நடுக்கடலில் எஞ்சின் நின்று அதனைத் தெரியப்படுத்தும்.

கேள்வி: கறளைப் போக்க வினாகிரி போதுமா, கக்கூசு கழுவும் அசிற்றை ஊற்றலாமா?
— ஓர் அவசரக்காரர், கதிரவெளி

பதில்: அந்த அசிற் கறளைத் தின்றபின்னும் பசியடங்காது தகட்டையும் தின்னும், அதன் புகையோ பக்கத்திற் கிடக்கும் சாவிகளுக்கும் கறளேற்றும். வினாகிரி சாந்த சுபாவமுடையது. ஒன்றிரண்டு நாள் அவகாசம் கேட்கும், அவ்வளவே. தாங்கியைக் கழற்றி, பெற்றோலை வெட்டவெளியில் வடித்து, சவர்க்கார நீரால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, அடித்துளையை அடைத்து, வினாகிரியைக் கழுத்துமட்டும் நிரப்புங்கள். சிக்கனம் கருதிப் பாதி நிரப்பினால் மேற்பாதியிற் புதுக்கறள் முளைக்கும். அடைகறள் பெயராவிடின் ஒரு பிடி நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கலாம். எண்ணிப் போட்டு எண்ணியே எடுக்க வேண்டும். இனித்தான் பலரும் தோற்கும் கட்டம். வினாகிரியை ஊற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, வெள்ளிபோல் மின்னும் தகட்டை உற்றாருக்கும் அயலாருக்கும் காட்டி மகிழ்ந்துகொண்டிருப்பீராயின், தேநீர் ஆறுமுன்னே அது மஞ்சளித்துவிடும். ஆதலால் உடனே சூடான காற்றால் உலர்த்தி, தாங்கி ஆறியபின், சிறிது எஞ்சின் ஒயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். மீட்டும் பூட்டுகையில் வடிகட்டியைப் புதிதாக மாற்றி, காபரேட்டரையும் கழுவிவிடுங்கள்.

கேள்வி: தாங்கியில் ஓட்டை விழுந்துவிட்டது. பெற்றோல்தான் இல்லையே, வெல்டிங் செய்யலாமா?
— அதே அவசரக்காரர்

பதில்: நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கியே பயங்கரமானது, பெற்றோல் போயிருக்கும், அதன் ஆவி காற்றோடு கலந்து தீப்பொறிக்காகக் காத்திருக்கும். முறையறிந்த தொழிலாளியிடம் ஒப்படையுங்கள். தங்கள் அடுத்த கேள்வியையும் பிரசுரிக்க விரும்புகிறேன்.

கேள்வி: மண்ணெண்ணெய் கலந்தாற் கறள் அணுகாதாமே?
— ஒரு வாசகர், பனிச்சங்கேணி

பதில்: பொருளாதாரத் தடையிருந்த 1990களில், யாழ்ப்பாணத்து வாகனங்கள் சில துளி பெற்றோலிற் கண்விழித்து மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை. அது நிர்ப்பந்தமேயன்றி வைத்தியமன்று. மண்ணெண்ணெய்க்கு அடியிலும் தண்ணீர் தங்கவே செய்யும்.

கேள்வி: மாரி முழுதும் தாங்கியை நிரப்பி வைக்க என் மடிச்சீலை இடந்தராதே!
— மீண்டும் வாகரை ஆசிரியர்

பதில்: அப்படியாயின் முற்றாக வடித்துவிட்டு, ஒயில் பூசி, மூடியின்மேல் மழை விழாதபடி வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்துங்கள். காபரேட்டரிலுள்ளதையும் வடிக்க மறவாதீர்.