பொருள்: நோட்டு வரிக்கு மடை திறக்கும் தேதி தொடர்பாக

பெறுதல்: மாண்புமிகு ஜிஎஸ்டி கவுன்சில், புதுடெல்லி.
அனுப்புதல்: இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டம்.
பார்வை: 3.9.2025 அன்று நடந்த தங்கள் 56ஆவது கூட்டம்.

ஐயா / அம்மையீர்,

நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரையான்ஸ், மேப், குளோப் எதற்கும் இனி வரியே கிடையாது என்று தாங்கள் முடிவெடுத்ததைப் பேப்பரில் படித்தோம். நன்றி சொல்லாமல் குறை சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆகவே இந்தப் பத்தி முழுக்க நன்றி.

குறை இனிமேல். 2025இல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறந்தது ஜூன் 2. தாங்கள் வரியை எடுத்தது செப்டம்பர் 22. அன்றைக்கு என் பிள்ளைகள் காலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். மே மாசக் கடைசியில் 12 சதவீத வரியோடு வாங்கிய நோட்டுகளில் முக்கால்வாசி எழுதி முடிந்து, பிரவுன் அட்டை கிழிந்து, லேபிளில் பெயர் பாதி அழிந்திருந்தது. செப்டம்பர் 22 நவராத்திரி முதல் நாள் வேறு. நாடு முழுக்கச் சேமிப்புத் திருவிழா என்று பிரதமரே அறிவித்தார். நாங்களும் சரஸ்வதி பூஜைக்கு அந்த நோட்டுகளைத்தான் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வரி கட்டிய நோட்டு என்பதால் அம்பாளுக்குக் கணக்கில் குறை இருக்காது.

தேதியை ஏன் அப்படி வைத்தீர்கள் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. அதே நாளில்தான் ஏசி, பெரிய டிவி, சின்னக் கார் எல்லாம் 28இலிருந்து 18க்கு இறங்கின. அவற்றுக்கு சீசன் தீபாவளி. நோட்டையும் பென்சிலையும் அந்தக் கார் டிக்கியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள். நோட்டுக்கு சீசன் ஜூன். அந்த ஜூனில் டெல்டாவில் காசு வெளியே போகுமே தவிர உள்ளே வராது. மேட்டூர் அணை திறந்ததும் விதை, உழவு, நாற்றங்கால் என்று குறுவைக்காரன் கையில் இருப்பதையெல்லாம் வயலில் இறைக்கிற மாசம் அது. நகை பேங்குக்குப் போகிற மாசமும் அதுதான். நோட்டுக்கு 6 ரூபாய் குறைந்திருந்தால் அப்போது மனசார வாழ்த்தியிருப்போம். இப்போது நாகரிகம் கருதி வாழ்த்துகிறோம்.

தங்கள் கவுன்சிலின் பழைய தீர்மானங்களைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஷார்ப்னர் சரித்திரம். பென்சிலுக்கும் 12, ஷார்ப்னருக்கும் 12 என்று ஒழுங்காகத்தான் இருந்தது. 2022 ஜூலை 18இல் ஷார்ப்னரை மட்டும் 18க்கு ஏற்றினீர்கள். பென்சில் வாங்கலாம், சீவுவதைக் கொஞ்சம் யோசித்துச் செய் என்று பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று எடுத்துக்கொண்டோம். 2023 பிப்ரவரியில் 49ஆவது கூட்டத்தில் மறுபடி கூடிப் பேசி, மார்ச்சிலிருந்து அதை 12க்கே இறக்கிவிட்டீர்கள். இடையில் போனது ஏறத்தாழ ஏழரை மாசம். ஏழரை என்றால் எங்கள் பக்கம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். திருநள்ளாறு பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது பென்சில், ரப்பர், ஷார்ப்னர் மூன்றுக்கும் சைபர். பேனாவுக்கு 18. நாலாம் வகுப்போ அஞ்சாம் வகுப்போ வந்து, எப்போது பேனா தருவார்கள் என்று ஏங்குகிற பிள்ளைக்கு, வயசுக்கு வந்தாய், இனி வரி கட்டு என்று சொல்வதாகத்தான் இதைப் புரிந்துகொள்கிறேன். தாள் விஷயம் இன்னும் நுட்பம். நோட்டுப் போடுகிற தாளுக்கு வரி இல்லை. புத்தகம் அச்சடிக்கிற தாளுக்கு 12ஆக இருந்ததை 18 ஆக்கிவிட்டீர்கள். புத்தகத்துக்கு வரி கிடையாது, அதன் தாளுக்கு உண்டு. எழுதுவதை ஊக்குவித்து, படிப்பதைக் கொஞ்சம் தட்டிவைக்கும் கொள்கை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பிறந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன் என்பதால் எழுதுவதை ஊக்குவிப்பதற்கு ஆட்சேபம் இல்லை.

பைக்கு வருவோம். ஸ்கூல் பேக் 18. பருத்தித் துணிப் பைக்கு 12இலிருந்து 5 ஆக்கியிருக்கிறீர்கள். தமிழ்நாடு அரசு 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது ஊரே சிரித்தது. இப்போதுதான் அதன் பொருளாதாரம் விளங்குகிறது. அதே புத்தகம், அதே நோட்டு, முதுகில் தூக்கினால் 18, கையில் தொங்கவிட்டால் 5. ஐம்பது வருஷம் முன்னால் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சப்பையில்தான் புத்தகம் கொண்டுபோனார்கள். வரி ஆலோசகர் யாரும் சொல்லித் தராமலேயே.

இரண்டாம் பருவத்துக்கு வீட்டில் எழுதிப் பார்க்க நோட்டு வேண்டும் என்று சின்னவள் கேட்டாள். சரி, சேமிப்புத் திருவிழாவைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று கடைக்குப் போனேன். அட்டையில் அச்சடித்த விலை அப்படியே இருந்தது.

“என்னண்ணே, வரி போயிருச்சுன்னு சொன்னாங்க?”

“போயிருச்சு தம்பி. இது போறதுக்கு முன்னாடி வந்த சரக்கு.”

“வரி இல்லாம ஒரு பில் போட்டுத் தாங்களேன்.”

“நான் எப்பப்பா வரி போட்டேன், இப்ப எடுக்கிறதுக்கு?”

அவர் சொன்னது நியாயம். வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் சரக்கு விற்கிற கடை ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. மொத்த வியாபாரியிடம் வரியோடு சேர்த்து வாங்கி, விலையோடு விலையாக விற்கிறவர் அவர். தங்கள் வரி அவர் கடைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. வெளியே போவதும் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்.

புதுச் சரக்கு வந்தால் 56 ரூபாய் நோட்டு 50 ஆகுமா என்றால், அதுவும் உறுதியில்லை. நோட்டுக்கு வரி இருந்த காலத்தில் கம்பெனிக்காரன் அட்டைக்கும் மைக்கும் பசைக்கும் கட்டின வரியைக் கழித்துக்கொண்டான். இப்போது நோட்டுக்கு வரியே இல்லை என்பதால் கழிக்க வழியில்லை. அதை விலையில்தான் ஏற்றுவான். 5 சதவீதம் என்று வைத்திருந்தாலாவது கழிவு கிடைத்திருக்கும். சைபர் என்பது பேப்பரில் பார்க்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். கல்லணைக் கால்வாய், எங்கள் வாயில் புது ஆறு, 1934இலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. மேட்டூரில் மலர் தூவி மடை திறக்கிற போட்டோ அடுத்த நாளே பேப்பரில் வந்துவிடும். தண்ணீர் வருமா, எப்போது வரும் என்பது பேராவூரணிக்காரனுக்குத்தான் தெரியும். நடுவில் உடைப்பு, அடைப்பு, தூர்வாராத வாய்க்கால், மேல்மடைக்காரன் இரவில் போடுகிற குறுக்குக் கட்டை. அதனால்தான் வரி குறைந்தது என்று யாராவது சொன்னால், டெல்லியில் எத்தனை சதவீதம் திறந்தார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, எங்கள் ஷட்டரில் எத்தனை அங்குலம் வருகிறது என்றுதான் பார்க்கிறோம்.

ஆற்றுக்காவது கரையில் லஸ்கர் என்று ஒருத்தர் இருப்பார். சத்தம் போட்டால் வந்து எட்டிப் பார்ப்பார். வரிக் குறைப்பை வியாபாரி பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் கேட்பதற்கென்று தாங்களும் ஒரு லஸ்கர் வைத்திருந்தீர்கள். தேசியக் கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் என்று கம்பீரமான பெயர். 2022 டிசம்பரில் அந்த வேலையைப் போட்டி ஆணையத்துக்கு மாற்றினீர்கள், அப்புறம் ஜிஎஸ்டி தீர்ப்பாயத்துக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகாரே வாங்குவதில்லை என்று அறிவித்துவிட்டீர்கள். செப்டம்பரில் மடை திறந்தீர்கள். ஏப்ரலிலேயே லஸ்கருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு ஆற்றில் தண்ணீர் விடும் தைரியம் எங்கள் நீர்வளத் துறைக்குக்கூட வந்ததில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்தவன் அரசுப் பள்ளி. புத்தகம், நோட்டு, பை எல்லாம் அரசே கொடுத்துவிடுகிறது. அவனுக்காகத் தங்களிடம் எனக்கு வழக்கு இல்லை. சின்னவளை ஆசைப்பட்டு ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். அங்கே நோட்டு, லேபிள், யூனிஃபார்ம் துணி, டை, பெல்ட் எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி ஒரே தொகையாகச் சொல்வார்கள். வெளியில் வாங்கக் கூடாது. அந்தக் கட்டுக்குள் எதற்கு 18, எதற்கு 5, எதற்கு சைபர் என்று பிரித்துப் பார்க்கும் வித்தை தங்கள் 56 கூட்டத்திலும் இன்னும் விவாதிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் என்று ஒரு மாநிலம். பள்ளி திறப்பதற்கு முன்னால், ஆகஸ்டில் ஒரு வாரக் கடைசியில் துணி, செருப்பு, ஸ்கூல் பேக், பேனா, நோட்டு எதற்கும் விற்பனை வரி கிடையாது. ஒரு பொருள் 100 டாலருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1999இலிருந்து நடக்கிறது. ஃபுளோரிடாவில் 2025இலிருந்து ஆகஸ்ட் மாசம் முழுக்கவே அப்படி என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் சனங்கள் பிழைக்கப் போன மலேசியாவில் 2018 ஜூன் 1இலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை ஜிஎஸ்டியே சைபர். பழைய வரியைத் தூக்கி, புது வரி வருவதற்குள் கிடைத்த மூன்று மாசம். அங்கே உள்ளவர்கள் அதை வரி விடுமுறை என்று கொண்டாடினார்கள். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை எல்லாம் இருக்கிற நாட்டில் வரிக்கு மட்டும் ஒரு நாள்கூட லீவு இல்லாமல் வேலை வாங்குவது தொழிலாளர் சட்டப்படி சரிதானா என்று தாங்களே பரிசீலிக்க வேண்டும்.

ஆகவே எனது பணிவான விண்ணப்பம். மேட்டூருக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி இருப்பதுபோல் பள்ளிச் சாமானுக்கும் ஒரு தேதி வையுங்கள். மே 15இலிருந்து பதினைந்து நாள் என்றால் வசதி. பேனாவும் ஸ்கூல் பேக்கும் அந்தப் பதினைந்து நாளாவது வரியில்லாமல் வரட்டும். ஓய்வில் போன லஸ்கரை அந்தப் பதினைந்து நாளைக்கு மட்டும் தினக்கூலியில் எடுத்தாலும் போதும். தங்கள் கூட்டத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேற நாலில் மூன்று வேண்டும் என்று அறிவேன். இந்தப் பின்னக் கணக்கில் பெற்றோருக்கு எத்தனை பங்கு என்று சின்னவள் கேட்கிறாள். அவள் கணக்கு நோட்டில் விடைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடை வரிதாரன்.

இணைப்பு: பள்ளியில் கொடுத்த துண்டுச் சீட்டு 1. (பில் கேட்டேன். பில் போட்டால் வரி சேரும் என்றார்கள். நோட்டுக்குத்தான் வரி இல்லையே என்றேன். “நோட்டுக்கு இல்ல சார், பில்லுக்கு” என்றார்கள்.)