சல்லிவன் துரைக்குச் சொந்தக்காரர்

ஊட்டிக்குக் கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் இந்த மாமா ஒருவர் இருப்பார். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வேர்த்துக் கொட்டும்போதே மங்கி குல்லாவை மாட்டிவிடுவார். வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர். வாயில் ஒரே பல்லவி: “வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்யா!”

கல்லாறு தாண்டியதும், தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல் சட்டத்தைக் கவ்விக் கவ்வி ரயில் மலையேறும். மாமாவுக்குப் புல்லரித்துவிடும். “இங்கிலீஷ்காரன் மூளையைப் பாத்தியா!” இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் என்று அக்கா மகள் போனைப் பார்த்துச் சொல்வாள். “அவன் மட்டும் என்ன மன்னார்குடிக்காரனா? அவனும் வெள்ளைக்காரன்தானே!” 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ஏறிய பாதை இது. பாறை உடைத்தது யார் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துரையே கடப்பாரை பிடித்ததாகத்தான் அவர் நினைப்பு.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்தார். மாமா அந்தப் பேரைச் சொல்கிற தோரணையைக் கேட்டால், ஏதோ சம்பந்தி வீட்டு ஆள் போலிருக்கும். ஏரியா? சல்லிவன் வெட்டினது. தட்டில் கிடக்கும் முட்டைக்கோஸ் பொரியலா? சல்லிவன் போட்ட பிச்சை. அவருக்கு முன்னாலேயே தோடர்கள் இங்கே எருமை மேய்த்தார்களே என்றால், அதற்கும் பதில் தயார்: “அவங்க சும்மா இருந்தாங்க. கண்டுபிடிச்சது இவன்தானே!”

புனித ஸ்டீபன் தேவாலயத்தில் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். “லண்டன் தேக்குடா!” லண்டனில் ஏது தேக்கு? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து, யானை கட்டி இழுத்து வந்த மரம் அது. விஷயம் தெரிந்ததும் மாமா கொஞ்சம் தடுமாறுவார். கொஞ்சம்தான். “இருந்தாலும், எதை எடுக்கணும்னு தெரிஞ்சு எடுத்தான் பாரு, அங்கதான் நிக்கிறான்!”

அதுவரை வாய் திறக்காத அத்தை, “போன வருஷம் நம்ம வெங்கல அண்டாவைத் தூக்கிட்டுப் போனவனும் தெரிஞ்சுதாங்க எடுத்தான். அவனை மட்டும் ஏன் போலீஸ்ல சொன்னீங்க?” என்பார். மாமா சட்டென்று வெளியே போய் யூகலிப்டஸ் காற்றை இழுத்து இழுத்து விடுவார். அந்த மரமும் வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்ததுதான். நாம் வாயை மூடிக்கொள்வது நல்லது.

கடைசியில் ஊட்டி கிளப். 1882-ல் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதிய இடம் என்பதால் அவருக்கு அது காசி, ராமேஸ்வரம். குல்லாவைக் கழற்றி, தலையைச் சீவிக்கொண்டு கேட்டுக்குப் போவார்.

“மெம்பருங்க மட்டுந்தான் சார் உள்ள போகலாம்.”

நமக்குத்தான் முகம் சுண்டும். மாமா பூரித்துப்போய்த் திரும்பி வருவார். “பாத்தியாடா, என்ன ஸ்ட்ரிக்ட்டு! கண்டவனையும் உள்ள விட்டா அது கிளப்பா, சத்திரமா?”

வாட்ச்மேனுக்கு இருபது ரூபாய் வேறு கொடுத்திருப்பார்.