மூக்கை விடு, வாயைத் திற

வா மருமவனே, வா. கையில என்ன, கல்யாணப் பத்திரிகையா? ஓ, மனுவா! "புது எரிவாயுக் குழாய் வேணாம், மின்நிலையத்தைப் பெருசாக்க வேணாம்"னு கொட்டை எழுத்துல போட்டு, கீழ கையெழுத்துக்கு நாப்பது கோடு இழுத்து வெச்சிருக்க. நல்லது, ஒக்காரு. அத்தை தேத்தண்ணி போடுறா. எதுல போடுறான்னு நெனைக்கிற? கேஸ் தோங்குலதான். அதனால குடிச்சு முடிக்கிற வரைக்கும் எரிவாயுவைத் திட்டாத, பொறையேறும்.

எதிர்க்கறதுக்கு முன்னாடி எதிர்க்கற சாமானைத் தெரிஞ்சுக்க. குழாய் வரப்போவுது வரப்போவுதுன்னு அலறுறியே, அது எப்பவோ வந்தாச்சு. திரங்கானு கெர்த்தேயில கரையேறுற வாயு, தீபகற்பம் பூரா 2,500 கிலோமீட்டருக்கு மேல மண்ணுக்குள்ள ஓடுது. 1992-லேருந்து ஜோகூரையும் தாண்டி சிங்கப்பூருக்குப் போயி வெளக்கு ஏத்துது. நம்ம பாசிர் கூடாங்ல சுல்தான் இஸ்கந்தார் மின்நிலையம் ரொம்ப நாளா நிக்குது. 2021-ல ஓட ஆரம்பிச்ச புதுசு மட்டும் 1,440 மெகாவாட். வாயுவை எரிச்சு ஒரு சக்கரம் சுத்தறது, அதுல வர்ற சூட்டுலயே தண்ணிய ஆவியாக்கி இன்னொரு சக்கரம் சுத்தறது. ஒங்க அத்தை சோத்துப் பானை மேல இட்லித் தட்டை வெப்பாளே, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான். நிலக்கரியைவிடக் கரியமில வாயு பாதிதான். அதைப் பாராட்டணும். "பாதி" வெசத்தை யாரும் பாயசம்னு சொல்ல மாட்டாங்க, அதையும் மறந்துடக் கூடாது.

இப்ப என்னமோ ஜோகூர் முழுக்க டேட்டா சென்டர் கட்டுறாங்களாம். நமக்கு வேர்த்தா விசிறி போதும், கம்ப்யூட்டருக்கு வேர்த்தா ஒரு குட்டி ஊரு குடிக்கிற கரண்டு வேணுமாம். அதுக்காக எரிவாயு இன்னும் வேணும்னு பேச்சு. அது நாளைக்கு ஒன் வீட்டுப் பக்கம் வந்தா நீ எப்படி நடந்துக்கணும்னு ஒரு பெரிய மனுசன் புத்தி சொல்றேன், கேட்டுக்க.

முதல் புத்தி: அடுத்தவன் காரியத்துல மூக்கை நுழைக்காத. இது நான் சொல்றது இல்ல, கேள்வி கேக்கப் போற எடத்துல எல்லாம் சொல்லுவாங்க. நீ மருவாதையா, "ஐயா, நாங்க எங்கங்க மூக்கை நுழைச்சோம், அதுதான் எங்க மூக்குக்குள்ள நுழையுது"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடு.

சிரிக்காத. 2019 மார்ச் 7 ஞாபகம் இருக்குதா? ராத்திரியோட ராத்திரியா எவனோ லோரியில கொண்டாந்து கிம் கிம் ஆத்துல ரசாயனக் கழிவைக் கொட்டிட்டுப் போனான். அதுல எரிவாயுக் குழாய்க்கும் சம்பந்தமில்ல, மின்நிலையத்துக்கும் சம்பந்தமில்ல, பழியை மாத்திப் போடக் கூடாது. ஆனா மொதல்ல கண்டுபிடிச்சது யாரு? கருவியா? ஆபீசரா? ஆத்தங்கரைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மூக்கு. மயங்கி விழுந்து, வாந்தி எடுத்து, ஆயிரக்கணக்குல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஆறு நாள் கழிச்சுத்தான் பாசிர் கூடாங்ல 111 பள்ளிக்கூடத்தையும் மூடுனாங்க. "இனிமே இப்படி நடக்காது"ன்னு சொன்ன வாய் மூடல, ஜூன் மாசத்துல மறுபடியும் புள்ளைங்களுக்கு மூச்சுத் திணறல். அந்தத் தடவை பாலர் பள்ளியும் சேத்து 400-க்கு மேல மூடுனாங்க. சுற்றுச்சூழல் சட்டம் 1974-லேருந்து இருக்குது. கழிவு கொட்டுறவனுக்கு அபராத உச்சவரம்பை 1 கோடி வெள்ளியா ஒசத்துனது 2024-ல. அம்பது வருசமா சட்டத்துக்குச் சளி போல.

எம் மூக்கைச் சாதாரணமா நெனைக்காத. ரப்பர் தோட்டத்துல ஒட்டுப்பால் மூட்டைக்குப் பக்கத்துல படுத்து வளர்ந்தது. பால் புளிச்சிருக்குதா இல்லையான்னு வாளி மூடியத் தொறக்காமலே சொல்லுவேன், கிராணியே என்னைக் கூப்பிட்டுத்தான் கேப்பாரு. அந்த மூக்குக்கே எரிவாயு கடுக்காய் குடுக்கும். ஏன்னா அதுக்குச் சொந்தமா மணமே கெடையாது. நம்ம அடுப்புல கசிஞ்சா அழுவின முட்டை மாதிரி நாறுதே, அது வேணும்னே கலக்குற மருந்து. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குது. 1937 மார்ச்சுல, அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் நியூ லண்டன்னு ஒரு ஊரு. பள்ளிக்கூடத்துக்கு அடியில வாயு கசிஞ்சு நெறைஞ்சு நின்னுருக்குது, ஒருத்தருக்கும் தெரியல. வெடிச்சுக் கிட்டத்தட்ட 300 பேரு செத்தாங்க, பாதிக்கு மேல பச்சப் புள்ளைங்க. அப்புறம்தான் வாயுல நாத்தம் கலக்கணும்னு சட்டம் போட்டாங்க. அங்கயும் பள்ளிக்கூடம், இங்கயும் பள்ளிக்கூடம். பெரியவங்களுக்குப் பாடம் நடத்தறதுக்கு எப்பவும் புள்ளைங்கதான் போவணும்போல.

ரெண்டாம் புத்தி: "பத்திரமா இருக்குது"ன்னா நம்பிடு. பூமிக்குள்ள பொதைச்சது எங்க போயிடப் போவுது? 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாள் ரெண்டாம் நாள். சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸ்ல சனங்க பலகாரம் தின்னுட்டிருந்த காலை நேரம். குழாய் வெடிச்சு நெருப்பு முப்பது மீட்டருக்கு மேல எழும்புச்சு. வால்வை மூடுன பெறவும் உள்ள இருந்த வாயு எரிஞ்சு தீர மத்தியானம் தாண்டிடுச்சு. நூத்துக்கு மேல ஆளுங்களுக்குக் காயம், எத்தனையோ வீடும் காடியும் சாம்பல். மூணு மாசம் விசாரிச்சு அறிக்கை குடுத்தாங்க. நாசவேலைக்கும் ஆதாரம் இல்ல, அலட்சியத்துக்கும் ஆதாரம் இல்ல, ஈர மண்ணு தாங்காம குழாய் எடம் மாறி அலுத்துப் போச்சுன்னு. எவ்வளவு மாறுச்சு தெரியுமா? 25.4 சென்டிமீட்டர். இந்தா, என் கையைப் பாரு, ஒரு சாண், அதுக்கு மேல ஒரு விரல். அவ்வளவுதான். கடைசியில குத்தவாளி மண்ணு. மண்ணுக்கு வக்கீல் வெக்க வசதியில்ல பாரு.

மூணாம் புத்தி: நெலம் ஒன்னுதுன்னு சொன்னா சந்தோஷப்பட்டுக்க. எங்கப்பா பொறந்த கொங்கு நாட்டுப் பக்கம் கேட்டுப் பாரு. கோயம்புத்தூருலேருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஏழு மாவட்டத்துல, 310 கிலோமீட்டருக்கு, வெள்ளாமை நெலத்துக்குள்ள கெயில் கம்பெனி குழாய் பொதைக்கப் போனாங்க. 1962-ல போட்ட சட்டம் ஒன்னு இருக்குது. நெலம் ஒன்னுதேதான், சந்தை வெலையில 10 விழுக்காடு குடுப்பாங்க. ஆனா குழாய் போற பட்டையில வீடு கட்டக் கூடாது, கெணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. "வீடு ஒன்னுதுதான் மாமா, கூடத்துல நான் படுத்துக்கறேன், நீ தும்மாம இரு"ன்னானாம் ஒருத்தன், அந்த மாதிரி. "நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போயேன்"னு குடியானவங்க கேட்டாங்க. 2013-ல தமிழ்நாட்டு அரசும் அவங்க பக்கம் நின்னுச்சு. ஹைகோர்ட்டுல தோத்துச்சு, 2016-ல சுப்ரீம் கோர்ட்டுலயும் தோத்துச்சு. வழக்கு தோத்தது நெசம். ஆனா பொதைக்கறதுக்கு முன்னாடியே "எந்த வழியா, யாரு நெலத்துல"ன்னு வாயைத் தொறந்து கேட்டாங்க பாரு, அந்தக் கேள்விக்கு ஊரே பதில் தேட வேண்டியிருந்துச்சு.

தேத்தண்ணி வந்துடுச்சு, குடி. அத்தை நேத்து என்ன பண்ணுனா தெரியுமா? புதுத் தோங்கு வந்து எறங்குச்சு. கொண்டாந்த பையன் "ஓகே ஆன்ட்டி, ஓகே"ன்னான். இவ அவனை நிறுத்தி வெச்சா. சவுக்காரத்தைக் கலக்கி நொரையாக்கி, வால்வு மேலயும் ரப்பர் குழாய் மேலயும் தடவுனா. குமிழி வருதான்னு குனிஞ்சு பாத்தா. வரலன்னு தெரிஞ்ச பெறவுதான் அடுப்பைப் பத்த வெச்சா, காசையும் குடுத்தா. பையன் மொகம் சுண்டிப் போச்சு. சுண்டட்டுமே. அவ கேஸ் வேணாம்னு சொல்லல, பையனைத் திருடன்னும் சொல்லல. நாத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கல, அவ்வளவுதான்.

ஒன் மனுவுல இல்லாதது அதுதான். "வேணாம்"னு ஒரே வார்த்தை எழுதுனா, "வேணும்"னு ஒரே வார்த்தையில பதில் எழுதி மூடிடுவாங்க. பின்பக்கம் காலியாத்தானே இருக்குது, எழுது. குழாய் என் வீட்டுலேருந்து, புள்ளைங்க பள்ளிக்கூடத்துலேருந்து எத்தனை அடி, படம் போட்டுக் காட்டு. அது மேல எவனும் மண்ணு கொட்டாம, தோண்டாம, கட்டாம யாரு நடந்து பாக்குறது? மண்ணு ஒரு சாண் எறங்குனா யாருக்கு மொதல்ல தெரியும், எங்களுக்கு எப்ப தெரியும்? ஒடைஞ்சா வால்வு எங்க, எத்தனை நிமிசத்துல மூடுவ? சங்கு ஊதுனா எந்தப் பக்கம் ஓடணும்? ஒலகப் பட்டத் திருவிழா நடத்துற ஊரு இது. காத்து எந்த மாசம் எந்தப் பக்கம் அடிக்கும்னு இங்க நண்டுசிண்டுக்கும் தெரியும். பொகைக் கூண்டு கட்டுறவங்களுக்கும் தெரியுமான்னு அதையும் கேளு. சுற்றுச்சூழல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வெச்சா, செல்ஃபி எடுத்துட்டு வந்துடாத. நாலு பேரு ஒக்காந்து படிச்சு, சந்தேகத்தை எழுத்துல குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை வாங்கிட்டு வா.

அந்தப் பேனாவைக் கொடு. மொதக் கையெழுத்து என்னுது, ரெண்டாவது அத்தையோடது. மூக்கு சாட்சி சொல்ல ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி வாசல்லதான் வழக்கு நடக்கும் மருமவனே. வாய் இப்பவே பேசட்டும்.