வேலை மெனக்கெட்டு ஒரு மோசடி

திருடனுக்கு மதியத் தூக்கம் உண்டு. மோசடிக்காரனுக்கு அது கிடையாது. ‘பெட்டர் கால் சால்’ தொடரின் ஆறாவது சீசனை, அதாவது கடைசி சீசனை, பார்த்து முடித்தபோது எனக்கு வாய்த்த ஞானம் இது. பார்த்தவர்கள் பலருக்கு அறம், குற்றவுணர்வு, மீட்சி என்றெல்லாம் ஏதேதோ தோன்றியிருக்கிறது. எனக்கு மூச்சு வாங்கியது. அந்த ஆள் பார்க்கிற வேலை அப்படி.

பார்க்காதவர்களுக்குக் கதை: ஜிம்மி மெக்கில் ஒரு சில்லறை ஏமாற்றுப் பேர்வழி. தபால் வழியில் சட்டம் படித்து, நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கியில் வக்கீலாகி, சால் குட்மேன் என்று பெயரை மாற்றிக்கொண்டு போதைமருந்துக் கும்பல்களுக்கு வாதாடுகிறான். பிற்பாடு ஊரைவிட்டு ஓடி, நெப்ராஸ்காவின் ஓமஹாவில் ஜீன் என்ற பெயரில், ஒரு மாலில் இருக்கும் சினபன் கடைக்கு மேனேஜராக ஒளிந்து வாழ்கிறான். வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கோல்டும் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் துணைப் பாத்திரம் ஒன்றை இழுத்துவந்து 2015-ல் தொடங்கிய இந்தத் தொடர், 2022 ஆகஸ்ட் 15 அன்று முடிந்தது. கடைசி சீசனில் 13 எபிசோடுகள்.

என் மாமனாரோடு உட்கார்ந்து பார்த்தேன். அவர் கும்பகோணம் கோர்ட்டில் ஆயுசு முழுக்க வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்க உச்சரிப்பு அவருக்குப் பிடிபடாது. ஆனால் சப்டைட்டிலில் ‘அஃபிடவிட்’ என்று வந்துவிட்டால் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். முதல் எபிசோடு முடிவதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“இவன் வக்கீலே இல்ல மாப்ளே. குமாஸ்தா. எந்த வக்கீல் இவ்வளவு வேலை பார்ப்பான்?”

சீசனின் முதல் பாதி முழுக்க ஒரே ஒரு மோசடிதான். ஹோவர்ட் ஹேம்லின் என்ற கண்ணியமான, கொஞ்சம் அலட்டலான வக்கீலின் பெயரைக் கெடுக்க வேண்டும். அவரைப் போதைக்கு அடிமை என்று ஊர் நம்பினால், ஒரு முதியோர் இல்லத்தின் மீது நடக்கிற பெரிய வழக்கு அவசர அவசரமாகச் சமரசத்துக்கு வரும். அதில் ஜிம்மிக்கு ஒரு பங்கு உண்டு. இதற்காக ஜிம்மியும் அவன் மனைவி கிம்மும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தைத் திருப்பி, அதன் முதுகில் மஞ்சள் சீட்டுகளாக ஒட்டித் திட்டம் போடுகிறார்கள். விருந்தாளி வந்தால் ஓவியம், போனால் சதி. எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுகிற காலண்டர்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

கிளப்பில் ஹோவர்டின் லாக்கரில் ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலத்தைப் போட வேண்டும். நாமாக இருந்தால் அங்கே துடைப்பம் பிடிக்கிற பையனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்போம். ஜிம்மி உறுப்பினராகச் சேர விண்ணப்பிக்கிறான், வாக்குவாதம் செய்கிறான், கழிவறையை அடைத்துத் தண்ணீரைப் பெருக்கெடுக்க விடுகிறான், அந்தக் களேபரத்தில் உள்ளே நுழைந்து பொட்டலத்தை வைக்கிறான். எல்லாம் ஒரே ஒரு மனிதர் ஒரே ஒரு விநாடி அதைப் பார்ப்பதற்காக.

நான்காவது எபிசோடில் கார் விவகாரம். ஹோவர்ட் மனநல ஆலோசகரைப் பார்க்க உள்ளே போயிருக்கிற நேரத்தில், கள்ளச்சாவி போட்டு அவருடைய ஜாகுவாரை ஜிம்மி எடுத்துக்கொண்டு போகிறான். அவர் மாதிரியே பொன்னிற விக், முகத்துக்குச் சாயம். ஊரறிந்த ஒரு பாலியல் தொழிலாளியை நடுத்தெருவில் காரிலிருந்து தள்ளிவிடுவதுபோல் நாடகம். அதைப் பார்க்கவேண்டிய ஆளைச் சரியாக அந்த நேரத்துக்கு எதிரே காபி குடிக்க வைத்திருக்கிறாள் கிம். எல்லாம் கச்சிதம். திரும்பிவந்தால், கார் நின்ற இடத்தைப் பிடித்துவைக்க ஜிம்மி நட்டுவிட்டுப் போன ஆரஞ்சு நிறக் கூம்பை எடுத்துப் போட்டுவிட்டு எவனோ தன் வண்டியை நிறுத்தியிருக்கிறான்!

இந்த ஒரு காட்சியில் மாமனார் அமெரிக்காவை முழுசாக ஏற்றுக்கொண்டார். “அங்கயும் இதே கதிதானா?” என்று அவருக்கு அளவில்லாத திருப்தி. ஜிம்மி என்ன செய்கிறான் தெரியுமா? பார்க்கிங் போர்டைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டுபோய் அடுத்த இடத்தில் நடுகிறான். கோட்டும் விக்குமாக, கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டி. அந்தப் பிரயாசையில் கால்வாசியை வழக்குக் கட்டு படிக்கச் செலவிட்டிருந்தால் மனிதன் நீதிபதியாகவே ஆகியிருப்பான்.

சோம்பேறிகள் உலகத்தில் பெரிதாக எந்தப் பாவமும் செய்வதில்லை என்பது என் கட்சி. வருமான வரிக்காகப் பொய் வாடகை ரசீது தயாரிக்கலாம் என்று நண்பர் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பன்னிரண்டு ரசீது, ஒவ்வொன்றுக்கும் ரெவின்யூ ஸ்டாம்ப், மாதத்துக்கொரு பேனா, கையெழுத்தில் கொஞ்சம் நடுக்கம் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். பேசாமல் வரியையே கட்டிவிட்டேன். அலுவலகத்தில் எனக்கு நேர்மையானவர் என்று பெயர்.

கிம் வெக்ஸ்லர் என் கட்சியில் சேரமாட்டாள். ஏழைகளுக்காக வாதாடும் தன் திட்டத்துக்குப் பெரிய இடத்து ஆதரவு கிடைக்கப்போகிற ஒரு சந்திப்புக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் ஜிம்மி கூப்பிடுகிறான். சமரசப் பேச்சுக்கு மத்தியஸ்தராக வரப்போகிற முன்னாள் நீதிபதிக்குக் கையில் மாவுக்கட்டு. நம் போலிப் படங்களில் அவர் வேடத்தில் இருக்கிற நடிகருக்குக் கை நன்றாக இருக்கிறது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜிம்மியே தளர்கிறான். கிம் நெடுஞ்சாலையில் வண்டியைத் திருப்புகிறாள். வாழ்நாள் லட்சியத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, ஒருவனைக் கெடுக்கப் பறக்கிறாள்! நடிகருக்கு மாவுக்கட்டுப் போட்டு, பூங்காவில் மறுபடி படமெடுத்து, பிரிண்ட் போட்டு, அதன்மேல் ஹோவர்டின் கண்மணி விரிவதற்கான மருந்தைத் தடவி… இத்தனையும் சில மணி நேரத்துக்குள். நம் ஊரில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கே “சாயந்தரம் வாங்க” என்பார்கள்.

கிம்மாக வரும் ரே சீஹார்ன் அந்தத் திருப்பத்தை முகத்திலேயே நடித்துக் காட்டியிருக்கிறார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “அவளுக்குப் பணம் வேணாம்ங்க. அவளுக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு, அதான்” என்றாள். பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விமர்சனங்களில் நான் படித்தது இதைவிடக் குறைவு.

அன்றிரவு ஹோவர்ட் நியாயம் கேட்க வீட்டுக்கு வருகிறார். அதே நேரத்தில் லாலோ என்ற கொலைகாரனும் வந்து நிற்கிறான். அடுத்து நடப்பதைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரையில் எழுத ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அன்று யாரும் பேசாமல் தட்டுகளைக் கழுவி வைத்தோம். அதன் தொடர்ச்சியான காட்சியைப் படமாக்கும்போதுதான், 2021 ஜூலையில், ஜிம்மியாக நடித்த பாப் ஓடன்கர்க் மாரடைப்பில் விழுந்தார். கூட நடித்தவர்கள் அலற, மின்னதிர்ச்சிக் கருவியால் உயிர் திரும்பியது. பிழைத்து வந்து மிச்சத்தை நடித்துக் கொடுத்தார். அப்படி உழைத்த தொடர் மொத்தம் 53 எம்மி பரிந்துரைகள் வாங்கி, ஒரு விருதும் வாங்காமல் முடிந்தது. ஊரையே உருவிய சால் குட்மேனால் ஒரு பொம்மையைக் கொண்டுவர முடியவில்லை.

பிற்பாதியில் கதை கறுப்பு வெள்ளைக்குப் போகிறது. ஜீனாக ஒளிந்திருக்கிற நம் ஆளுக்குக் கை அரிக்கிறது. மாலில் இரவுக் காவல் அறையில் ஃபிராங்க் என்பவர் கேமரா திரைகளுக்கு முதுகைக் காட்டியபடி சினமன் ரோல் சாப்பிடுவார். மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் டாக்ஸி டிரைவர் ஜெஃப் துணிக்கடையில் புகுந்து அள்ள வேண்டும். இதற்காக ஜீன் இரவுக்கு இரவு சுடச்சுட ரோல் கொண்டுபோய்க் கொடுத்து, ஃபிராங்க் மெல்லுகிற வேகத்தைக் கணக்கெடுக்கிறான். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, தனக்குத் துளியும் அக்கறையில்லாத நெப்ராஸ்கா ஃபுட்பால் அணியைப் பற்றிப் படித்துக்கொண்டு வருகிறான். கடையின் வரைபடத்தைப் பனி மூடிய மைதானத்தில் போட்டு ஜெஃபுக்கு ஒத்திகை. கடைசியில் ஜெஃப் புதிதாய் மெருகேற்றிய தரையில் வழுக்கி மல்லாக்க விழுகிறான். திரையில் ஆள் கிடக்கிறான், ஃபிராங்க் திரும்பப்போகிறார். ஜீன் சட்டென்று அழ ஆரம்பிக்கிறான்: அப்பா அம்மா இல்லை, அண்ணன் இல்லை, நான் செத்தால் கேட்க நாதியில்லை. ஃபிராங்க் பதறிப்போய்த் தேற்றுகிறார். இதில் கொடுமை, சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

மாமனார் இதற்கு மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, “சாட்சிக் கூண்டுல இப்படி அழுதா கேஸ் நம்ம பக்கம்” என்றார்.

ஜீனைப் பிடித்துக் கொடுத்தது போலீஸ் மூளையல்ல, ஜெஃபின் தாயார் மேரியன். நடித்தவர் கேரல் பர்னெட். அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைப் பாட்டி என்றே சொல்லலாம். பூனை வீடியோ பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் லேப்டாப்பில் இரண்டு வார்த்தை தேடி, சால் குட்மேனின் பழைய விளம்பரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஜீனின் மூக்குக் கண்ணாடியில் மட்டும் அந்த விளம்பரம் வண்ணத்தில் மின்னுகிறது. அவசர உதவிப் பொத்தானைப் பாட்டி அமுக்க, ஆள் ஓடிப்போய்க் குப்பைத்தொட்டிக்குள் பதுங்கி அங்கேயே பிடிபடுகிறான்.

இனிதான் எங்கள் வீட்டுச் சண்டை. ஆயுள் தண்டனையும் அதற்குமேல் 190 ஆண்டும் என்று அரசுத் தரப்பு மிரட்டுகிறது. நம் ஆள், தானும் மிரட்டப்பட்ட அப்பாவி என்று ஒரு கதையை எடுத்துவிடுகிறான். ஜூரியில் ஒருத்தரை நம்பவைத்தால் போதும் என்கிறான். பேரம் படிந்து படிந்து ஏழரை ஆண்டுக்கு இறங்குகிறது. அதோடு நிற்காமல் வாரா வாரம் வெள்ளிக்கிழமை மின்ட் சாக்லேட் சிப் ஐஸ்க்ரீம் வேண்டும் என்றும் கேட்கிறான், பிராண்ட் பெயரோடு. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். அவர் பணிக்காலத்தில் இப்படியொரு மனுவை யாரும் போட்டதில்லையாம்.

அப்புறம் கோர்ட்டில், கிம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காக, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அண்ணனுக்குச் செய்த துரோகம்வரை. சால் இல்லை, என் பெயர் மெக்கில் என்கிறான். 86 ஆண்டு. கூட வந்த வக்கீல் பில் ஓக்லி வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பதறுகிறார். பெரிய பெரிய விமர்சகர்கள் இந்த இடத்தில் உருகியிருக்கிறார்கள். மனைவியும் உருகினாள். சிறையில் அவனைப் பார்க்க வரும் கிம்மும் அவனும் ஒரே சிகரெட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது, அந்த நெருப்புக்கு மட்டும் லேசாக நிறம் வருவதைச் சுட்டிக்காட்டி, “பாருங்கப்பா, பாருங்கப்பா” என்றாள்.

மாமனார் பார்க்கவில்லை. கைக்கு வந்த கேஸை நாசமாக்கியதில் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று, “மனசாட்சி மாமா, அதுக்கு வாய்தா வாங்க முடியாதில்ல” என்றேன்.

“அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே. அந்த பில் ஓக்லிக்கு ஃபீஸ் யார் கொடுத்தா?”